ஒரே கூடையில் இரண்டு மாலைகள்

சிங்கப்பெருமாள்கோயில் ஸ்டேஷனில் குணா நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதை உடம்போடு சேர்த்துப் பிடிக்காமல், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப் போகிறவன் மாதிரி தள்ளிப் பிடித்திருந்தான்.

வண்டி முழுசாக நிற்கும் முன்பே ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமைக் காலை, செங்கல்பட்டு வண்டி, பெட்டியில் பாதி காலி. பையை மடியில் வைத்தான். பிடிக்கவில்லை. மேலே கம்பித் தட்டில் வைத்தான். அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை. கடைசியில் என் பக்கத்தில் ஜன்னலோரம் காலியாக இருந்த இடத்தில், ஒரு ஆளை உட்காரவைப்பதுபோல் வைத்தான்.

“இன்னாடா அது, நாஸ்தாவா?”

“மாலை மச்சான்.”

எந்த மாலை என்று நான் கேட்கவில்லை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் மாலை என்றால் அது ஒன்றுதான். காற்று அடித்தபோது பையிலிருந்து வாசனை வந்தது. காய்ந்த துளசி, பழைய சுண்ணாம்புச் சுவர், கொஞ்சம் பாச்சை உருண்டை.

“இன்னியோட இத்த வுட்டுட்டு வந்துர்றேன்,” என்றான். “அவ்ளோதான். போதும்.”

ரயில் போகாத ரயில் டூர்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்குக் குணாவைத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: குணசேகரன் என் வயதுக்காரன், என் தெருக்காரன், கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவன். ஐம்பதைத் தாண்டிவிட்டான். கல்யாணம் ஆகவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஊரில் எல்லோரும் அவனை அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

வாரம் முழுக்க ஸ்டியரிங் பிடிப்பவனுக்கு லீவு நாளில் ரயில்தான் வேண்டும். “கடலோர ஊருங்கள ஒரு ரவுண்டு பாக்கலாம், ரயில்ல போலாம் வா” என்று போனில் கூப்பிட்டிருந்தான். கடலோரத்தில் ரயிலே கிடையாது. வருகிறது, வருகிறது என்று நாங்கள் டவுசர் போட்ட காலத்திலிருந்து சொல்கிறார்கள். ஆகவே செங்கல்பட்டு வரை ரயில், அப்புறம் பஸ், பஸ், இன்னொரு பஸ், திரும்பும்போது செங்கல்பட்டிலிருந்து ரயில்.

“ரயில்ல ஆரம்பிச்சி ரயில்ல முடிஞ்சா அது ரயில் டூருதான்,” என்பது அவன் கட்சி. “நடுவுல இன்னா கீதுன்னு எவன் பாக்கறான்?”

பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி வந்தது. வண்டியின் சத்தம் தண்ணீரைத் தொட்டதும் ஒரு சுருதி இறங்குகிறது. எத்தனை வருஷமாகக் கேட்டாலும் அந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். வெயில் இன்னும் சூடேறாத நேரம். ஒரு நீர்க்காகம் மூழ்கியது. மூழ்கிய இடத்தையே நான் பார்த்துக்கொண்டிருக்க, அது வேறெங்கோ எழுந்து தலையைச் சிலுப்பியது.

சின்ன வயதில் இதைக் கடல் என்று நம்பினோம். காரணம் இருந்தது. இந்தத் தண்டவாளத்தில் எதிர்ப்பக்கம் போகிற வண்டிகளின் நெற்றியில் ‘பீச்’ என்று எழுதியிருக்கும். பீச் வண்டி, பக்கத்திலேயே அக்கரை தெரியாத தண்ணீர். வேறு என்னவாக இருக்க முடியும்? பிறகு ஒருநாள் அந்தப் பீச் ஸ்டேஷனிலேயே போய் இறங்கிப் பார்த்தோம். கடலைக் காணோம். சுவரும் லாரியும்தான் இருந்தன. கடல் இருக்கிற இடத்தில் ரயில் இல்லை, ரயில் கடலென்று சொல்கிற இடத்தில் கடல் இல்லை. என் கவிதைப் பாடம் அங்கே ஆரம்பித்தது என்று மேடைகளில் சொல்லிக்கொள்வேன். குணா அன்றைக்கு அழுதான் என்பதை மேடைகளில் சொன்னதில்லை.

எதுவானா இன்னா

மாலைக்கு வருகிறேன்.

திருவிடந்தைப் பெருமாள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆகாதவர்கள் இரண்டு மாலை வாங்கிக்கொண்டு போய்ச் சாத்துவார்கள். அதில் ஒன்றைத் திருப்பித் தருவார்கள். கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று வர வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய், அந்தக் காய்ந்த மாலையைக் கோயிலில் விட்டுவிட்டு வர வேண்டும்.

எங்களுக்கு இருபத்தைந்து இருக்கும். என் அம்மாவும் குணாவின் அம்மா தெய்வானை அத்தையும் எங்களை அங்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். ஓட்டிக்கொண்டு என்பதுதான் சரியான சொல். அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை, தெருவில் எதிர்வீடு. ஆனால் என் பசி எந்த நேரத்துக்கு வரும் என்று என் அம்மாவைவிட அவளுக்குத்தான் தெரியும்.

மாலையோடு இரண்டு தடியன்கள் பிராகாரத்தில் சுற்றினோம். எங்கள் பின்னால் சுற்றிய ஒரு பெண் வீட்டார் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அந்தப் பெண்ணும்தான் மாலை போட்டிருந்தாள். அவளையே கேட்டிருக்கலாம் என்று குணா பத்து வருஷம் கழித்துச் சொன்னான்.

திரும்பும்போது இரண்டு மாலையும் ஒரே ஒயர் கூடையில். வாழையிலையில் தனித்தனியாகச் சுற்றித்தான் வைத்தார்கள். பஸ்ஸில் நெரிசல், ரயிலில் நெரிசல். தெருவுக்கு வந்து கூடையைத் திறந்தால் இலைகள் கிழிந்து இரண்டும் ஒன்றையொன்று பின்னிக் கிடந்தன. ஒரே கடை, ஒரே ரோஜா, ஒரே துளசி.

“இதுல எது எவன்து, அக்கா?” என்று அத்தை கேட்டாள்.

“மாலைதான தெய்வானை, எதுவானா இன்னா,” என்று சொல்லி என் அம்மா மேலே இருந்ததை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். நானும் மனைவியுமாகப் போய் மாலையைத் திருவிடந்தையில் விட்டுவிட்டு வந்தோம். குணாவுக்கு ஜாதகங்கள் வந்தன, போயின. அவன் பஸ்ஸில் வருகிறவர்கள்கூட வரன் கொண்டுவந்தார்கள். ஒன்றும் கூடவில்லை. குடி இல்லை, நோய் இல்லை, சம்பளம் உண்டு. சொல்லிக்கொள்ள ஒரு காதல் தோல்விகூட இல்லை. அந்தக் காரணமில்லாமைதான் அத்தையைப் பிடுங்கித் தின்றது. பத்துப் பேர் கேட்டால் சொல்வதற்கு ஏதாவது வேண்டாமா?

ஒருநாள் அவளுக்கு அது கிடைத்துவிட்டது. நேராக எங்கள் வாசலுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், “எம்புள்ள மாலைய நீ எடுத்துக்கின” என்றாள். என் அம்மா சிரித்துவிட்டாள். சிரிக்காமல் இருந்திருக்கலாம். அதோடு இரண்டு வீடும் பேச்சை நிறுத்தின. அம்மா செத்தபோது அத்தை வந்தாள். கால்மாட்டில் நின்றாள். என்னைப் பார்க்காமலே போனாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவள் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டு.

என் கல்யாணமும் நிலைக்கவில்லை. சத்தமில்லாமல், வாடகை வீட்டைக் காலிசெய்வதுபோல், சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை மட்டும் விட்டுவிட்டுப் பிரிந்தோம். அவள் கோயம்புத்தூரில், நான் தாம்பரத்தில். அந்த வாரம் குணா வந்து பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்:

“என் கல்யாணத்த நீ பண்ணிக்கின, சரி. என் டைவர்ஸையும் நீயே வாங்கிக்கின பாரு. நீதான்டா ஃபிரண்டு.”

அந்த மாதத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பஸ்ஸில் குணாவின் வலது கால்

செங்கல்பட்டில் மகாபலிபுரம் பஸ் ஏறினோம். குணாவைப் பஸ்ஸில் பயணியாக உட்காரவைப்பது பாவம். அவன் வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது. வளைவுக்கு வளைவு இல்லாத பிரேக்கை மிதித்தான். “கியரு மாத்துடா, மாத்துடா” என்று தனக்குள் முனகினான்.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. மலைக்கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். உச்சி வேளையில் ஜோடியாகக் கழுகுகள் வந்து சோறு வாங்கித் தின்னும் மலை அது. அவை வந்து பல வருஷம் ஆகிறது.

“அதுங்களுக்கும் கூடைல இன்னாவோ மாறிப்போச்சு போல,” என்றான்.

பஸ் கிளம்பியதும், வயல்களைப் பார்த்தபடி, விஷயத்தைச் சொன்னான். பழைய மாலையை விட்டுவிட்டு வர அத்தை சம்மதித்துவிட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை.

“புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுக்கினு மறுபடியும் சுத்தணுமாம். சுத்திட்டு வூட்டாண்ட எடுத்தாறணுமாம்.”

“நீ இன்னா சொன்ன?”

“சரின்னேன். எழுவத்தெட்டு வயசு, வேற இன்னா சொல்றது?” ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினான். “எனக்கு ஒண்ணும் கொறையா இல்ல மச்சான். சத்தியமா. காலைல வண்டி எடுக்கறேன், சாயங்காலம் வூடு, அம்மா கையால சோறு, ராத்திரி ரேடியோ. ஆனா அது காலண்டர் பக்கத்துல ஆணில தொங்கிக்கினு கீது பாரு. டெய்லி சட்ட மாட்ட சொல்லோ என்னயே பாக்குது. ‘இன்னும் இல்லியாடா’ன்னு. பழசு போயி புதுசு வந்தா, அது எம்பது வயசு வரைக்கும் பாக்கும். என்னால முடியாதுடா.”

அவன் கால் அடுத்த வளைவில் மறுபடியும் பிரேக்கைத் தேடியது.

ஜோடி எங்க?

மகாபலிபுரத்தில் ஒரு டீ, வடக்கே போகும் பஸ். பட்டிபுலம், நெம்மேலி, வடநெம்மேலி. ஒரு ரிசார்ட் மதில் முடிந்து அடுத்த மதில் தொடங்குவதற்குள் கடல் ஒரு கீற்றாகத் தெரிந்து மறைந்தது. படகு மூக்கு ஒன்று, உலர்த்திய வலையின் நீலம், வெறும் மணல், மறுபடியும் மதில். ரயில் ஜன்னலாக இருந்திருந்தால் தொடர்ச்சியாகப் பார்த்திருக்கலாம். துண்டு துண்டாகப் பார்த்ததும் நன்றாகத்தான் இருந்தது. என் எழுத்தே அப்படித்தான்.

திருவிடந்தையில் இறங்கினோம். கோயில் வாசல் பூக்கடைக்கார அம்மா, குணாவின் பையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

“பழைய மாலையா? வுடறதுக்கு வந்தியா? ஜோடி எங்க?”

குணா என்னைக் காட்டினான்.

“அய்ய, இன்னா அண்ணாத்த கூத்து!” தொடுத்துக்கொண்டிருந்த பூவை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தாள். “கல்யாணம் ஆச்சா, ஆவலியா?”

“ஆவல.”

“ஆவாமலே வுடறியா? எதுக்கு?”

“வெயிட்டு தாங்கல.”

சிரிப்பு அடங்கியது. அவனை ஒரு பார்வை பார்த்தாள். “நட சாத்திட்டாங்க. மத்தியானத்துக்கு மேலதான் தொறப்பாங்க. அதுவரைக்கும் கடலாண்ட போயி காத்து வாங்கு. யோசிச்சுட்டு வா. புதுசு வேணும்னா எடுத்து வக்கிறேன்.”

“வேணாம்,” என்றான் குணா. அப்புறம், “இல்ல, இரு. சொல்றேன்” என்றான்.

நார்

கரையில் ஆள் அதிகமில்லை. ஒரு படகின் நிழலில் ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பக்கத்துப் படகின் நிழலில் உட்கார்ந்தோம். மாசிக் கடல், அலை பெரிதாக இல்லை.

குணா பையைத் திறந்து மாலையை வெளியே எடுத்தான். எடுத்தான் என்று சொல்ல முடியாது. விரல் பட்டதும் உதிர்ந்தது. ரோஜா என்று இருந்தது பழுப்புத் தூளாக, துளசி வெறும் குச்சியாக. கடல்காற்று ஒரு மூச்சு விட்டது, பாதி மாலை போய்விட்டது. அவன் கையை மூடவில்லை. இன்னொரு மூச்சு. கடைசியில் வாழைநார் மட்டும் கையில் தொங்கியது.

நாங்கள் இருவரும் அந்த நாரையே பார்த்தோம். எதைத் தேடினோம் என்று இருவருக்கும் தெரியும். இது இவனுடையது, அல்லது என்னுடையது என்று சொல்ல ஒரு முடிச்சு, ஒரு சரிகை. ஒன்றும் இல்லை. நார் நாராகத்தான் இருந்தது.

அப்போது அத்தையின் போன். குணா ஸ்பீக்கரில் போட்டுப் படகின் விளிம்பில் வைத்தான்.

“வுட்டியாடா? புதுசு வாங்கினியா?”

குணா நாரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று முடிவாவது எனக்குத் தெரிந்தது. நெரிசலில் பஸ்ஸை ஒடித்துத் திருப்புவதற்கு முன் வருகிற முகம்.

“யம்மா, நீ சொன்னதுதான் கரெக்டு. மாலை மாறித்தான் போயிருக்குது.”

போன் விளிம்பிலிருந்து விழாமல் விரலால் நகர்த்தி வைத்தான்.

“தியாகு மாலைல அவங்கம்மா அப்பவே சேப்பு நூலால ஒரு முடி போட்டு வச்சாங்களாம். அடையாளத்துக்கு. இப்பதான் பிரிச்சோம். இதுல கீது. இது அவன் மாலை. என்னுது அவங்க வூட்டுக்குப் போயிருக்குது.”

என் அம்மா எந்த முடியும் போடவில்லை. அந்தக் கடற்கரையில் சிவப்பாக இருந்தது ஒரு பிளாஸ்டிக் மூடி மட்டும்தான்.

போனில் ஒரு காக்கை கத்தியது. யாரோ தெருவில் தண்ணீர்க் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அத்தையின் குரல், தனக்குத்தானே பேசிக்கொள்கிற குரல்:

“அப்ப எம்புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல.”

குணா கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

“நான் சொன்னன்ல? சொன்னன்ல? சிரிச்சா அவ!” அத்தைக்குக் குரல் ஏறியது. அப்புறம் சட்டென்று இறங்கியது. “தியாகு பக்கத்துல கீறானா?”

என் பெயர். “கீறேன் அத்த.”

“ஏன்டா, அடுத்தவன் மாலைய வூட்ல வச்சிக்கினு கட்டிக்கினா அது எப்டிடா நெலைக்கும்? நீ இன்னா பண்ணுவ, பாவம். உம்மேல குத்தம் இல்ல. சாப்ட்டியா?”

“இல்ல அத்த.”

“சாப்டு. சாப்ட்டுட்டு கோயிலுக்குப் போயி புதுசா ஒண்ணு வாங்கி நீ போட்டுக்க. நல்லா ஒம்போது சுத்து சுத்து.”

“யம்மா, அப்ப எனக்கு?” என்றான் குணா.

“உனக்கு எதுக்குடா இந்த வயசுல? அவன் சின்னஞ்சிறுசு, தனியா கெடக்கறான்.”

“அவனுக்கும் எனக்கும் ஒரே வயசுமா!”

போனை அவள் வைத்துவிட்டிருந்தாள். குணா மணலில் மல்லாந்து விழுந்து சிரித்தான். வலைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. உப்புக்காற்று என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

நாரைச் சுருட்டிக் கடல் பக்கம் போனபோது வலைக்காரர் குரல் கொடுத்தார். “அண்ணாத்த, அத்த தண்ணில போடாத. வலைல சுத்திக்கினா பேஜாரு.”

குணா நாரை மறுபடியும் பையில் போட்டுக்கொண்டான்.

ஸ்பேர் சுற்று

“புதுசு யாருக்கு?” என்று கேட்டாள் பூக்கடைக்கார அம்மா.

“இவனுக்கு,” என்றான் குணா, பெண் பார்த்து முடித்த பெரியவன் மாதிரி.

நாரை அவன் கோயிலில் பழைய மாலைகளோடு சேர்த்து வைத்தான். ஜோடி எங்கே என்று உள்ளே யாரும் கேட்கவில்லை. நான் கழுத்தில் ஈர ரோஜாவோடு சுற்றினேன். எனக்குக் கல்யாண ஆசை வந்துவிட்டது என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். ஒருத்தி இருபது வருஷத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு வேலை சொல்லியிருக்கிறாள். அந்த வேலையைச் செய்தேன். கல்தளம் சூடாக இருந்தது. நடையை ஓட்டமாக்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

குணா வெறும் கையை முழங்காலில் போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்து எண்ணினான். நான் நின்றபோது, “இன்னொண்ணு கீது, போ” என்றான். போய் வந்தேன்.

“பத்து ஆயிடுச்சேடா. அது எதுக்கு?”

“ஸ்பேரு.”

சிவப்பு நூல்

சாயங்கால வண்டி. பைகள் இடம் மாறியிருந்தன. அவன் மஞ்சள் பை மடித்துச் சட்டைப் பையில் இருந்தது. என் ஜோல்னாப் பையில் இலையில் சுற்றிய மாலை. கொளவாய் ஏரியில் வெயில் சாய்ந்திருந்தது. குணா வாசலில் நின்று, கம்பியைப் பிடித்து, “கடலு” என்றான். நானும் மறுக்கவில்லை.

சிங்கப்பெருமாள்கோயில். அவனை வழியனுப்ப நானும் வாசலுக்கு வந்தேன். பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் தெய்வானை அத்தை உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். சின்னதாகிப் போயிருந்தாள், நடை மட்டும் பழைய நடை. என் முகத்தைப் பார்க்காமல் பையை நோக்கிக் கையை நீட்டினாள்.

“குடு.”

கொடுக்க இறங்கினேன். மாலையை எடுத்து மோந்து பார்த்தாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்தாள். சிவப்பு. குஞ்சத்துக்கு மேலே இறுக்கி முடி போட்டாள். ஒன்று, அதன் மேல் இன்னொன்று. வண்டி ஹாரன் அடித்தது.

“உங்கம்மா இப்டித்தான போட்டா?”

நான் குணாவைப் பார்த்தேன். அவன் டிக்கெட் கவுண்டர் பலகையை வாழ்க்கையில் முதல்முறையாகப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தான்.

“இப்டித்தான் அத்த.”

“கெட்டிக்காரிதான். ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்.” தலையை ஆட்டிக்கொண்டாள். “இனிமே மாறாது.”

என் பீச் வண்டி போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டியும் போனது.

“கொயம்பு ஆறிடும், வாங்கடா,” என்று அவள் முன்னால் நடந்தாள்.

வீட்டில், காலண்டருக்குப் பக்கத்தில், அந்த ஆணி காலியாக இருந்தது. சுற்றிலும் சுவரில் மாலையின் வடிவத்தில் ஒரு வெளுப்பு. அத்தை ஸ்டூலைப் போடச் சொல்லி என் மாலையை அதில் மாட்டினாள். தாம்பரத்து ரூமில் யார் பார்த்துக்கொள்வார்கள், இங்கேயே தொங்கட்டும் என்றாள்.

சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்த குணா ஆணியைப் பார்த்து நின்றுவிட்டான்.

“இன்னா மச்சான் இது? மறுபடியும் என்னயே பாக்குது?”

“உன்ன இல்லடா. என்னய.”

அவன் கொஞ்ச நேரம் சரிபார்த்தான். பிறகு சட்டையை மாலைக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டு, விசிலடித்தபடி கை கழுவப் போனான்.